கோணல் வாய்க்கால்கள்: புற்றுக்கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் கதை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான். இரண்டு ஊர்களிலிருந்தும் காலையில் கிளம்பும் புதுச்சேரி பேருந்துகளில், ஜிப்மர் மருத்துவமனைச் சீட்டைப் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் சிலர் இருப்பார்கள். வேறு சிலர் ரயிலேறி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து, "கரண்ட் வைக்கணும்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களும் இவர்களில் உண்டு. கரண்ட் என்பது ஊர்ப்பேச்சில் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பெயர்.

மருத்துவமனைக்குப் போனதும் பல குடும்பங்களின் காதில் எதிர்பாராத ஒரு வார்த்தை விழும்: "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. முதல்ல அதைச் சரி பண்ணணும்." கட்டியைக் கரைக்க வந்தால் ரத்தசோகையைப் பற்றிப் பேசுகிறார்களே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழப்பமாக இருக்கும்.

சம்பந்தம் இருக்கிறது. அது கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களின் அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

ஒழுங்கான ஊர், ஒழுங்கற்ற ஊர்

ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு உடம்பின் ரத்த ஓட்டம் சுலபமாகப் புரியும். ஏரியின் மதகிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். பெரியது சிறியதாகப் பிரியும். எந்தக் கிளை எந்த வயலுக்கு என்பது தெளிவாக இருக்கும். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். மிச்சத் தண்ணீர் வடிகாலில் இறங்கும்.

ஆரோக்கியமான உடலிலும் இதே ஒழுங்குதான். தமனி பிரிந்து சிறு தமனியாகி, அது பிரிந்து தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. உயிரணுக்கள் இந்தத் தந்துகிகளிடமிருந்துதான் ஆக்சிஜனையும் உணவையும் வாங்கிக்கொள்கின்றன. பிறகு ரத்தம் சிரைகள் வழியாகத் திரும்புகிறது. கசியும் திரவத்தை வடித்து எடுக்க நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன.

புற்றுக்கட்டிக்குள் போனால் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. ஒரு குழாய் திடீரெனப் பெருக்கும், அடுத்த வளைவில் சுருங்கும். சில குழாய்கள் முட்டுச்சந்தாக நின்றுவிடும். சில, தந்துகிக்கே போகாமல் தமனியையும் சிரையையும் நேராக இணைத்துவிடும். பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையில் போய்விடும் பேருந்து மாதிரி! ஊர்க்காரர்கள் நிறுத்தத்தில் காத்துக்கொண்டே இருப்பார்கள். போதாக்குறைக்குக் குழாய்ச் சுவர்களில் ஓட்டைகள். உள்ளே இருப்பது வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.

முதலில் பார்த்தவர்கள்

கட்டிகளில் ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கின்றன என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ போன்றவர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தக் குழாய்களின் வடிவத்தையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி, எட்வின் கோல்ட்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர். 1907இல் லான்செட் இதழில் வெளியான அவருடைய ஆய்வு, புற்று வளரும் இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, அவை இயல்பான ஒழுங்கில் இல்லை என்பதை எடுத்துச் சொன்னது.

1945இல் அமெரிக்காவில் அல்கைர், சாக்லி என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். சுண்டெலியின் தோலில் ஒளிபுகும் சிறு ஜன்னல் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் கட்டியின் துணுக்கை வைத்து, நுண்ணோக்கியில் நாள்தோறும் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அக்கம்பக்கத்துத் தந்துகிகள் கட்டியை நோக்கிப் புதுக் கிளைகளை விட்டன. கட்டி வேகமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

0.15 மில்லிமீட்டர்

கரண்ட் வைப்பதற்கும் ரத்தத்துக்கும் உள்ள தொடர்பு 1950களில் லண்டனில் வெளிப்பட்டது. எல்.எச். கிரே ஓர் இயற்பியலாளர். உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவை இன்று 'கிரே' என்ற அலகால் சொல்வது அவர் நினைவாகத்தான். ஆக்சிஜன் உள்ள உயிரணுவைக் கதிர்வீச்சு எளிதில் கொல்கிறது. ஆக்சிஜன் இல்லாத உயிரணுவைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படுகிறது. இதன் முக்கியத்துவத்தை 1953இல் அவருடைய குழு விளக்கியது.

1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் வெட்டுத் துண்டுகளை அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாய்களுக்கு அருகில் இருந்த உயிரணுக்கள் உயிரோடு இருந்தன. தள்ளிப் போகப் போக நடுவில் எல்லாம் செத்துக் கிடந்தன. குழாயிலிருந்து சுமார் 0.15 மில்லிமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை என்று கணக்கிட்டார்கள். ஒரு தாளின் தடிமன் ஒன்றரை மடங்கானால் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தத் தூரம்!

ஆபத்து அந்தச் செத்த பகுதியில் இல்லை. செத்ததற்கும் உயிருள்ளதற்கும் இடையே, அரைகுறை ஆக்சிஜனில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வரிசை உயிரணுக்கள் இருக்கின்றன. கதிர்வீச்சுக்கு லேசில் மடியாதவை இவைதான். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து அதே இடத்தில் புற்று திரும்பி வருவதற்கு இவை ஒரு முக்கியக் காரணம்.

இதே காலத்தில்தான் சென்னையில் ஒரு புதிய முயற்சி தொடங்கியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். கிரேயின் அளவீடு வெளிவந்த 1955இல்தான் டாக்டர் வி. சாந்தா அங்கே சேர்ந்தார். 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகமே அவர் வீடு. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் முற்றிய கருப்பை வாய்ப் புற்றோடும் வாய்ப் புற்றோடும் வந்த ஏழைகள். கட்டி பெரிதாகப் பெரிதாகக் கதிர்வீச்சு மட்டும் போதாது என்பதை அவர்கள் அன்றாடம் பார்த்தார்கள். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு ப்ளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1980இல் வெளியிட்ட ஆய்வு அந்த அனுபவத்தில் பிறந்தது.

ரத்தசோகை இங்கேதான் உள்ளே வருகிறது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். வாய்க்கால் ஏற்கெனவே கோணல். அதில் ஓடும் தண்ணீரும் பாதி என்றால் கடைமடையின் கதி என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. கருப்பை வாய்ப் புற்றில் ரத்தப்போக்கும் சேர்ந்துகொள்ளும். கதிர்வீச்சு நாட்களில் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது பல மருத்துவமனைகளின் வழக்கமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ரத்தம் ஏற்றிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் வாய்க்கால் கோணலாகவே இருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

வாய்க்காலை அடைத்துவிடலாமா?

1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த இளம் மருத்துவர். கப்பல்களில் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய ரத்த மாற்றுத் திரவம் ஒன்றைத் தேடுவது அவருக்கும் ஃப்ரெடெரிக் பெக்கருக்கும் கொடுக்கப்பட்ட வேலை. தனியே எடுத்த தைராய்டு சுரப்பியை அந்தத் திரவத்தால் உயிரோடு வைத்து, அதில் புற்று உயிரணுக்களைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டி மிளகுக்கும் சிறிய அளவுக்கு, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு, வளர்ந்து அப்படியே நின்றது. சாகவில்லை, வளரவும் இல்லை. அதையே சுண்டெலிக்குள் வைத்தால் மளமளவென்று பெருத்தது. புதுக் குழாய்கள் முளைக்காத இடத்தில் கட்டியால் வளர முடியவில்லை!

கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை அழைக்கிறது, அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டி பட்டினியில் கிடக்கும் என்று 1971 நவம்பரில் ஃபோக்மன் எழுதினார். பலர் நம்பவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

1983இல் ஹெரால்ட் ட்வோராக் குழுவினர், குழாய்ச் சுவர்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டார்கள். 1989இல் நெப்போலியோன் ஃபெரராவின் குழு, குழாய்களை வளரவைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒன்றேதான் என்று தெரியவந்தது. அதன் பெயர் வி.ஈ.ஜி.எஃப். குழாயை அழைக்கும் பொருளே குழாயை ஓட்டையாக்கும் பொருளும்! கட்டியின் குழாய்கள் ஏன் ஒழுகுகின்றன என்ற கேள்விக்குப் பதில் இதில் இருந்தது. காயம் பட்ட இடத்திலும் இதே புரதம் சுரந்து புதுக் குழாய்கள் வரும். ஆனால் காயம் ஆறியதும் அழைப்பு நின்றுவிடும், குழாய்கள் முதிர்ந்து ஒழுங்காகும். கட்டியில் அழைப்பு நிற்பதே இல்லை. ஆகவே குழாய்கள் முதிர்வதும் இல்லை. புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்று 1986இல் ட்வோராக் வர்ணித்தது இதனால்தான்.

வி.ஈ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிய பெருங்குடல் புற்றில் கீமோ மருந்துகளோடு இதையும் சேர்த்தபோது, நோயாளிகளின் சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. 2008இல் மறைந்த ஃபோக்மன் இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் இதில் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. கீமோ மருந்தும் ரத்தக்குழாய் வழியாகத்தான் கட்டிக்குள் போக வேண்டும். குழாயை அடைத்துவிட்டால் மருந்து எப்படிப் போகும்? இரண்டையும் சேர்த்தால் பலன் குறையத்தானே வேண்டும், ஏன் கூடியது?

கான்பூரிலிருந்து போன பொறியாளர்

புதிரை அவிழ்த்தவர் மருத்துவர் அல்ல, பொறியாளர். ராகேஷ் ஜெயின், உத்தரப்பிரதேசத்தின் லலித்பூரைச் சேர்ந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1972இல் வேதிப்பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போனார். குழாய்களில் திரவம் எப்படி ஓடும், அழுத்தம் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதெல்லாம் அந்தப் படிப்பின் அரிச்சுவடி. மருத்துவர்கள் கட்டியை நோயாகப் பார்த்தபோது, அவர் அதைப் பழுதான ஒரு குழாய் அமைப்பாகப் பார்த்தார்.

அவர் கவனித்தது இதுதான். குழாய் ஒழுகுவதால் கட்டிக்குள் திரவம் தேங்குகிறது. அதை வடிக்கக் கட்டிக்குள் உருப்படியான நிணநீர்க் குழாய்கள் இல்லை. அதனால் குழாய்க்கு வெளியே அழுத்தம் ஏறுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளியே இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிட்டால் மருந்து எப்படி வெளியே வரும்? தண்ணீர் தேங்கி நிற்கும் வயலுக்குள் வாய்க்கால் தண்ணீர் பாயுமா? கருப்பை வாய்ப் புற்றுள்ள பெண்களிடமே இந்த அழுத்தத்தை அளந்து, அது உயர்ந்திருப்பதை 1991இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள்.

2001இல் ஜெயின் ஒரு தலைகீழான யோசனையை முன்வைத்தார். குழாயைத் தடுக்கும் மருந்து, சரியான அளவில் கொடுத்தால், குழாய்களை முதலில் அழிப்பதில்லை, சீராக்குகிறது. வி.ஈ.ஜி.எஃப்.பின் கூச்சல் குறைந்ததும் வேண்டாத கிளைகள் உதிர்கின்றன, மீதிக் குழாய்களின் ஓட்டைகள் அடைபடுகின்றன, அழுத்தம் இறங்குகிறது. கொஞ்ச காலத்துக்கு ரத்தமும் ஆக்சிஜனும் மருந்தும் முன்பைவிட நன்றாக உள்ளே போகின்றன. பெவாசிசுமாப் கொடுக்கப்பட்ட மலக்குடல் புற்று நோயாளிகளிடம் கட்டியின் உள்ளழுத்தம் குறைந்ததை 2004இல் அவர் குழு காட்டியது. அளவு கூடினாலோ நாள் கடந்தாலோ இந்த ஜன்னல் மூடிக்கொள்ளும். கட்டியைப் பட்டினி போடப் பிறந்த மருந்து, வாய்க்காலைச் செப்பனிட்டதால் வேலை செய்தது என்பதுதான் இதன் சாரம். 2016இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கத்தை அதிபர் ஒபாமா அவருக்கு அணிவித்தார்.

கருப்பை வாய்ப் புற்றுக்கும் இந்த மருந்து வந்தது. 452 பெண்கள் பங்கேற்ற, கிருஷ்ணன்சு திவாரி தலைமையிலான ஆய்வு 2014இல் வெளியானது. முற்றிய அல்லது திரும்பி வந்த புற்றில், கீமோவோடு பெவாசிசுமாபைச் சேர்த்தபோது சராசரி ஆயுள் 13.3 மாதத்திலிருந்து 17 மாதமானது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அந்த 3.7 மாதம் பெரிதுதான். ஆனால் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி, விலை உயர்ந்த ஒரு மருந்து, கிடைத்தது நான்கு மாதத்துக்கும் குறைவு என்பதும் உண்மைதான்.

கோணலே காட்டிக்கொடுக்கிறது

கதை இங்கே முடிந்திருந்தால் சோகம்தான். ஆனால் அந்தக் கோணல் குழாய்களுக்கு இன்னொரு முகம் உண்டு.

1925இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹின்செல்மன், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப் கருவியை உருவாக்கினார். (நாஜி ஆட்சியில் ரோமா இனப் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த குற்றத்துக்காகப் போருக்குப் பின் தண்டிக்கப்பட்டவரும் இவர்தான்.) பிறகு வந்தவர்கள் அதில் பச்சை வடிகட்டியைப் பொருத்தினார்கள். பச்சை ஒளியில் ரத்தக்குழாய்கள் கரிய கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள இடத்தில் தந்துகிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அல்லது மொசைக் தரை போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. புற்று ஆழமாக இறங்கிவிட்டால் கமா போலவும் திருகு போலவும் நெளிந்தன. அதாவது, கட்டி என்று ஒன்று உருவாவதற்கு முன்பே குழாய்கள் விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன!

1960களில் நார்வேயின் பெர் கோல்ஸ்டாட், தந்துகிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தார். மாற்றம் தீவிரமாக ஆக இடைவெளி அகன்றது. புற்றாகிவிட்டவர்களில் இந்த இடைவெளியையும் ஆக்சிஜன் அளவையும் கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்புவதையும் 1968இல் அவர் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். லண்டனில் கிரே வெட்டுத் துண்டுகளில் அளந்ததும், கால்போஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பதும் ஒரே கோணலின் இரண்டு முனைகள்.

கால்போஸ்கோப் எல்லா ஊரிலும் இருக்காது. அதற்கு முந்தைய படிக்கு வினிகர் போதும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பை வாயில் தடவினால், மாறிய பகுதி ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே வெறுங்கண்ணால் பார்த்துவிடலாம். வெளுத்தவர்களை மட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்தால் போதும்.

இது உயிரைக் காக்குமா என்பதைச் சோதித்த முக்கியமான ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2000 முதல் 2006 வரை திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ஆர். சங்கரநாராயணன் தலைமையில் நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 31,343 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைவு. கோல்ட்மனின் கட்டுரை வெளிவந்த அதே இதழ், சரியாக நூறு ஆண்டு கழித்து!

அதே 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு இந்தப் பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிந்தது. விழுப்புரம் மாவட்டமும் அதில் அடக்கம். புதுச்சேரிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. அடையாறுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பரிசோதனை சில நிமிட வேலை, கட்டணம் இல்லை. மாற்றம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ அகற்றிவிடலாம்.

ஆனாலும் பல பெண்கள் போவதில்லை. வலி இல்லாதபோது எதற்கு என்ற எண்ணம், கூச்சம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை. வலி வரும்போது கட்டிக்குள் கோணல் வாய்க்கால்கள் வெட்டப்பட்டுவிட்டிருக்கும். பிறகு ரத்தம் ஏற்ற வேண்டும், கரண்ட் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கட்டிக்குள் இருக்கும் குழாய்களின் கோணல் ஒன்றுதான். தாமதமாக வந்தவருக்கு அது மருந்தையும் ஆக்சிஜனையும் கதிர்வீச்சின் பலனையும் தடுக்கும் சுவர். சீக்கிரம் வந்தவருக்கு அதுவே அடையாளம் காட்டும் கோடு. அந்தச் சுவரை உடைக்க ஆராய்ச்சிக்கூடங்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கின்றன. கோட்டைப் படிக்கும் வேலை மட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கிவிடும். வீட்டில் 30 வயது தாண்டிய அம்மா, அக்கா, அத்தை, சித்தி யாராவது இருந்தால் இந்தச் செய்தி அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.